பல்லை வெளுக்கும் முன் கறையின் காரணம் அறிவோம்

எங்கள் பல் மருத்துவப் பிரிவுக்கு வருவோர் அனைவரும் வலிக்காக வருவதில்லை. "பல் மஞ்சளாக இருக்கிறது, வெள்ளையாக்கித் தாருங்கள்" என்று கேட்டு வருவோரும் உண்டு. திருமண நாள் நெருங்கிவிட்டது என்பார் ஒருவர். நேர்முகத் தேர்வில் வாய்விட்டுப் பேசக் கூச்சமாக இருக்கிறது என்பார் மற்றொருவர். இவ்விருப்பத்தை வீண் ஆடம்பரம் என்று நாங்கள் ஒதுக்குவதில்லை. கையால் வாயை மறைத்துக்கொண்டு சிரிக்கும் இளைஞருக்கு அது உண்மையான துன்பம். ஆயினும், ஒரு கருத்தை இங்கு அழுத்தமாகக் கூற விரும்புகிறோம். பல்லின் நிறம் ஏன் மாறியது என்று கண்டறியாமல் அதனை வெளுக்க முற்படக் கூடாது. வீட்டிலும் கூடாது, அழகு நிலையத்திலும் கூடாது, மருத்துவமனையிலும் கூடாது.

முதலில், பல் இயல்பிலேயே தாள்போல் வெண்மையானதன்று. மேலே இருப்பது ஒளி ஊடுருவும் எனாமல். அதனடியில் இருப்பது இளமஞ்சள் நிறமுள்ள டென்டின். வயது ஏற ஏற எனாமல் தேய்ந்து மெலிவதால் அடியிலுள்ள மஞ்சள் கூடுதலாகத் தெரிகிறது. ஆறேழு வயதுக் குழந்தைக்குப் புதிதாக முளைக்கும் நிலைப்பல், அருகிலுள்ள பால்பல்லோடு ஒப்பிடும்போது மஞ்சளாகத் தோன்றும். பெற்றோர் பலர் இதைக் கண்டு அஞ்சுகின்றனர். இது நோயன்று; இதற்குச் சிகிச்சையும் வேண்டியதில்லை.

கறைகள் பலவகை

தேநீர், காபி, வெற்றிலை பாக்கு, புகையிலை ஆகியவற்றால் படியும் கறை பல்லின் மேற்பரப்பில் தங்குவது. பற்காரையோடு சேர்ந்து இறுகும் இக்கறையை ஸ்கேலிங் எனப்படும் பல் சுத்திகரிப்பாலேயே பெரும்பாலும் நீக்கிவிடலாம். பல்லை வெளுக்க வேண்டும் என்று வருவோரில் சிலருக்கு இதுவே போதுமானதாக அமைந்துவிடுகிறது.

பல்லின் உள்ளே ஊறிய நிறம் வேறு. தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. பல் உருவாகும் குழந்தைப் பருவத்தில் அந்நீரைத் தொடர்ந்து பருகியோருக்குச் சுண்ணாம்புத் திட்டுகளோ பழுப்புப் பட்டைகளோ எனாமலிலேயே பதிந்துவிடுகின்றன. இந்திய குடிநீர்த் தரம் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபுளோரைடை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 மில்லிகிராமை உச்ச வரம்பாகவும் வைத்துள்ளது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் நோக்கங்களுள் ஒன்று இப்பாதிப்பைக் குறைப்பதே. இக்கறை பல் துலக்காததால் வந்ததன்று. எனவே இத்தகைய பற்களை உடைய பெண்ணையோ பையனையோ "சுத்தமில்லாதவர்" என்று எண்ணுவது பெரும் அநீதி. எட்டு வயதுக்குள் டெட்ராசைக்ளின் வகை மருந்து உட்கொண்டோருக்கும் இவ்வாறே உள்ளிருந்து சாம்பல் அல்லது பழுப்பு நிறம் ஏறலாம்.

ஒரே ஒரு பல் மட்டும் கறுத்திருந்தால் அதற்குத் தனிக் கவனம் வேண்டும். எப்போதோ அடிபட்டு, உள்ளிருக்கும் நரம்பும் இரத்த ஓட்டமும் அற்றுப்போன பல்லாக அது இருக்கக்கூடும். வேரின் நுனியில் சீழ் தங்கியிருந்தும் வலி தெரியாமல் இருக்கலாம். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காமல் அதன்மீது வெண்மையூட்டும் பசையைத் தடவுவதால் பயனில்லை. அதற்கு முதலில் வேர்ச் சிகிச்சையும், பின்னர் தேவைப்பட்டால் பல்லின் உட்புறமிருந்தே வெளுக்கும் முறையும் உண்டு.

காரணம் கேட்பதில் உயிரைக் காக்கும் பயனும் அடங்கியுள்ளது. பாக்கு, பான் மசாலா, குட்கா மெல்வோர் பற்கறைக்காக வரும்போது நாங்கள் கன்னத்தின் உட்புறத்தையும் பார்க்கிறோம். அங்கே சதை வெளுத்து இறுகியிருந்தாலோ, ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருந்தாலோ, கறை இரண்டாம் கவலையாகிவிடுகிறது. பாக்கு, புகையிலை கலக்காவிட்டாலும், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியுள்ளது. உங்கள் மூன்று விரல்களைச் செங்குத்தாக அடுக்கி வாயினுள் வைத்துப் பாருங்கள். அவை நுழையாத அளவுக்கு வாய் திறப்பு குறைந்திருந்தால் காலந்தாழ்த்தாமல் வந்து காட்டுங்கள்.

வீட்டு முறைகள்

கரித்தூள், செங்கல்தூள், அடுப்புச் சாம்பல் ஆகியவற்றால் பல் துலக்கும் பழக்கம் நம் வீடுகளில் நெடுநாள் இருந்தது. இன்று அதே கரி, அழகிய குழாயில் அடைக்கப்பட்டு விலையேறி வந்துள்ளது. பரபரப்பான தூள் கொண்டு தேய்க்கும்போது மேற்கறை நீங்குவது உண்மையே. ஆனால் கறையோடு எனாமலும் சிறிது சிறிதாகத் தேய்கிறது. எனாமலில் உயிரணுக்கள் இல்லை. தோல்போல அது மீண்டும் வளராது. தேயத் தேய அடியிலுள்ள டென்டின் வெளிப்பட்டு, பல் முன்னிலும் மஞ்சளாகத் தோன்றும். குளிர்ந்த நீர் பட்டாலே கூசும்.

எலுமிச்சைச் சாறு இன்னும் கெடுதி. வாயின் அமிலத்தன்மை 5.5 என்னும் பி.ஹெச். அளவுக்குக் கீழே இறங்கினாலே எனாமல் கரையத் தொடங்குகிறது. எலுமிச்சையின் அளவோ ஏறத்தாழ 2 முதல் 3 வரை. சமையல் சோடா தனியே அவ்வளவு கடுமையானதன்று. ஆனால் எலுமிச்சையோடு கலந்து தேய்க்கையில், அமிலத்தால் மென்மையுற்ற எனாமலைத் தூரிகை அரித்தெடுத்துவிடுகிறது. கடையில் கிடைக்கும் வெண்மையூட்டும் பற்பசைகள் பெரும்பாலும் மேற்கறையையே நீக்குகின்றன. அவற்றுள் சில, நீலச் சாயம் சேர்த்து மஞ்சளைக் கண்ணுக்கு மறைக்கின்றன; அவ்விளைவு சிறிது நேரமே நீடிக்கும்.

பயன் தரும் முறை

உள்நிறத்தை மாற்ற மருத்துவம் நம்புவது ஹைட்ரஜன் பெராக்சைடையும், அதனை வெளிவிடும் கார்பமைடு பெராக்சைடையுமே. இவை எனாமலை ஊடுருவி, நிறம் தரும் மூலக்கூறுகளைச் சிதைக்கின்றன. பல்லின் அளவுக்கேற்பச் செய்த மெல்லிய உறையில் 10 விழுக்காடு கார்பமைடு பெராக்சைடு பசையை இட்டு இரவில் அணியும் முறை 1989-இல் மருத்துவ இதழில் வெளியானது. அன்றுமுதல் உலகெங்கும் பயன்பட்டு வருகிறது. அப்பசை வெளிவிடுவது ஏறத்தாழ 3.5 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடு மட்டுமே. பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரங்களில் பயன் தெரியும். மருத்துவமனையில் பன்மடங்கு செறிவுள்ள கரைசலை ஈறுகளுக்குத் தடுப்பிட்டுப் பூசுவதால் விரைவில் நிறம் மாறும். எனினும், அவசரம் இல்லாதோருக்கு நாங்கள் பரிந்துரைப்பது மெதுவான முறையையே. அதில் கூச்சம் குறைவு. வேண்டும்போது நிறுத்தியும் கொள்ளலாம்.

எதிர்பார்ப்பும் அளவோடு இருக்க வேண்டும். சிகிச்சையின்போது பல்கூச்சம் வருவது இயல்பு. பெரும்பாலும் தானே தணியும். முன்பு அடைத்த அடைப்புகளும் செயற்கை உறைகளும் நிறம் மாறா. ஆகவே முன்பற்களில் புதிய அடைப்பு தேவைப்படுவோர் முதலில் வெளுத்து, இரு வாரம் கழித்து அந்நிறத்துக்கேற்ப அடைத்துக்கொள்வது நன்று. டெட்ராசைக்ளின் கறைக்குப் பல மாதங்கள் ஆகலாம். கடும் ஃபுளோரைடு கறைக்கு வெளுத்தல் மட்டும் போதாது. மேற்பூச்சோ மெல்லிய உறையோ தேவைப்படும். கிடைத்த வெண்மையும் நிலையானதன்று. உணவுப் பழக்கத்துக்கேற்ப மீண்டும் மங்கும்.

சொத்தை, ஈறு நோய், வெளிப்பட்ட வேர் ஆகியவை உள்ளோர் அவற்றுக்கு முதலில் சிகிச்சை பெற வேண்டும். கருவுற்றோரும் பாலூட்டுவோரும் காத்திருப்பது நலம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 முதல், 0.1 விழுக்காட்டுக்கு மேல் 6 விழுக்காடு வரை பெராக்சைடு உள்ள வெண்மையூட்டிகளைப் பல் மருத்துவர்களுக்கே விற்க முடியும்; 18 வயது நிரம்பாதோருக்கு அவற்றைப் பயன்படுத்தவும் கூடாது. இங்கும் அத்தகைய கட்டுப்பாடு தேவை என்பது எங்கள் உறுதியான கருத்து. பல்லைப் பரிசோதிக்கத் தெரியாதவர் கையில் வெளுக்கும் மருந்து இருத்தல் தகாது.

பராமரிப்போருக்கு ஒரு சொல். இரும்புச்சத்து மருந்தாலும் குளோர்ஹெக்சிடின் வாய்க்கொப்பளிப்பாலும் நோயாளியின் பல்லில் கறுப்போ பழுப்போ படியலாம். அது மேற்கறையே, பின்னர் எளிதில் நீக்கலாம். அதற்கு அஞ்சி மருந்தைத் தாமாக நிறுத்திவிடாதீர்கள். குழந்தைக்கு இரும்பு மருந்தைச் சொட்டுக்குழாயால் நாக்கின் பின்பகுதியில் விட்டு, உடனே சிறிது நீர் கொடுங்கள்.

நாள்தோறும் இருமுறை மென்மையான தூரிகையும் ஃபுளோரைடு பற்பசையும், தேநீருக்குப் பின் ஒரு மிடறு நீரும், பாக்கையும் புகையிலையையும் விடுதலும், பல் மருத்துவரிடம் முறையான பரிசோதனையும் பலருக்குப் போதுமானவை. இவற்றுக்குப் பின்னும் நிறம் மனத்தை உறுத்தினால் தயக்கமின்றி வாருங்கள். திருமணத்துக்கு முந்தைய வாரம் வராமல், இரண்டு மூன்று மாதங்கள் முன்னதாக வாருங்கள். காரணத்தைக் கண்டறியவும், வேண்டிய சிகிச்சையை முறையாக முடிக்கவும் அக்காலம் தேவை.