பலாமரத்தைக் காக்கும் சட்டம் லயத்துக்கு வராதா?



கடந்த மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, பிரட்டுக்குப் போன எங்கள் ஆட்கள் ஐந்தாம் நம்பர் லயத்துக்குப் பின்னால் நிற்கும் பலாமரத்தில் சிவப்புப் பெயின்ட் கோட்டைக் கண்டார்கள். பக்கத்திலுள்ள இரண்டு பலாவிலும் அதே கோடு. யார் போட்டது என்று கேட்டோம். "மேலிடத்து உத்தரவு" என்றார் கணக்கப்பிள்ளை. சின்னதுரையிடம் போனோம். "மரம் கம்பனியுடையது, உங்களுக்கு என்ன?" என்று திருப்பிக் கேட்டார்.

எங்களுக்கு என்ன என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

இந்த நாட்டில் 1951 ஆம் ஆண்டிலிருந்து மரந் தறித்தலைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்று இருக்கிறது. அந்த ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம். பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அனுமதிப்பத்திரம் இல்லாமல் வெட்டக் கூடாது. காரணம் எளிது: இவை சோறு போடும் மரங்கள். நாங்கள் இந்தச் சட்டத்துக்கு எதிரானவர்கள் அல்ல. சட்டத்தை எடுத்துவிட்டால் தொல்லை தீரும் என்று எங்கள் ஆட்களிலேயே சிலர் பேசுகிறார்கள். அப்படி எடுத்தால் ஒரு வருடத்தில் தோட்டத்தில் ஒரு பலாவும் மிஞ்சாது. பலாப்பலகையில் செய்த கதவுக்கும் கட்டிலுக்கும் என்ன விலை என்று பட்டணத்துக் கடையில் விசாரித்துப் பாருங்கள்.

எங்கள் சண்டை வேறு. தோட்டத்துக்குக் கீழே உள்ள கிராமத்தில் ஒருவர் தன் வளவுப் பலாவை வெட்ட வேண்டுமானால், உறுதியைக் காட்டி, கிராம சேவகரிடம் போய், பிரதேச செயலகத்தில் மனுக் கொடுக்கிறார். அவருக்கு அலைச்சல் உண்டு. ஆனால் அவர் ஓர் ஆளாக அங்கே நிற்கிறார். நாங்கள் எந்த உறுதியைக் காட்டுவது? 1972 லும் 1975 லும் தோட்டங்களை அரசு எடுத்தது. 1992 இல் நிர்வாகத்தைக் கம்பனிகளிடம் கொடுத்தது. நிலம் கை மாறிய ஒவ்வொரு முறையும் நாங்கள் அதே லயத்தில்தான் இருந்தோம், எங்கள் பெயரில் ஒரு பேர்ச்சஸ் கூட இல்லாமல். மரத்தை வெட்டச் சொல்லவும் எங்களுக்கு உரிமையில்லை, வெட்டாதே என்று சொல்லவும் உரிமையில்லை.

இதற்கு ஒரு சாட்சி சொல்கிறோம். இரண்டு வருடத்துக்கு முன் மேல்லயத்தில் ஓர் ஈரப்பலா கூரை மேல் சாய்ந்து நின்றது. வேர் பாதி மண்ணுக்கு வெளியே. கொப்பையாவது வெட்டித் தாருங்கள் என்று மூன்று முறை எழுதிக் கொடுத்தோம். "அது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட மரம், தொட்டால் வழக்கு" என்று நிர்வாகம் சொன்னது. அனுமதி கேட்டு எழுதினீர்களா என்றால் பதில் இல்லை. எட்டு மாதம் கழித்து, ஒரு மழை இரவில் கொப்பு முறிந்து இரண்டு காம்பராவின் தகரம் உடைந்தது. பிள்ளைகள் அடுப்படிப் பக்கம் படுத்திருந்ததால் தப்பினார்கள். அந்தக் குடும்பங்கள் பள்ளிக்கூட மண்டபத்தில் பதினொரு நாள் இருந்தன. அந்த நாட்களில் நாங்கள் மரத்தடியில்தான் பாடம் நடத்தினோம்.

சாய்ந்த மரம் என்றால் சட்டம் ஞாபகம் வருகிறது. காசு தரும் மரம் என்றால் பெயின்ட் வாளி ஞாபகம் வருகிறது. விறகுக்கு ஒரு காய்ந்த கொப்பை முறித்த கொழுந்துக்காரப் பெண்ணை வாச்சர் மறித்து, அரிவாளைப் பறித்து, ஒரு நாள் பேரை வெட்டுகிறார். லொறியில் ஏறிப் போகும் மரத்துக்கு யார் சிட்டை எழுதினார் என்று நாங்கள் கேட்டால் அது ஒழுங்கீனம்.

எங்கள் பக்கத்திலும் குற்றம் உண்டு. இரவில் சவுக்கு மரத்தை அறுத்து விற்றவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள். அவர்களுக்காகச் சங்கம் பேசாது. ஆனால் பலாவைப் பற்றி எங்களுக்கு யாரும் புத்தி சொல்ல வேண்டியதில்லை. கிராமங்களில் பலாக்கன்று நடும் இயக்கத்தை ஆர்தர் டயஸ் நடத்தினார். சிங்கள மக்கள் அவரைக் 'கொஸ் மாமா', பலா மாமா, என்று இன்றும் நினைக்கிறார்கள். லயத்துப் பலாவுக்கு அப்படி ஒரு மாமா வரவில்லை. எங்கள் பாட்டிமார் கானோரத்தில் கொட்டையைப் புதைத்தார்கள், அவ்வளவுதான். 1973, 74 பஞ்சத்தில் தோட்டங்களில் மனிதர் பட்டினியால் செத்தபோது, கீழ்மலைத் தோட்டங்களில் பலாக்காயும் கொட்டையும் பல குடும்பங்களைக் காப்பாற்றின. 2022 இல் மாவும் அரிசியும் எட்டாத விலைக்குப் போனபோது, ஐந்தாம் நம்பர் லயத்தில் அவித்த பலாக்காய் சாப்பிட்டுவிட்டு எங்கள் வகுப்புக்கு வந்த பிள்ளைகளை எங்களுக்குப் பெயர் பெயராகத் தெரியும்.

(முனியாண்டிக்குப் பொங்கல் வைக்கும் மரத்தில் மட்டும் எந்த வருடமும் பெயின்ட் விழுந்ததில்லை. சூலத்துக்கு இருக்கும் மரியாதை வர்த்தமானிக்கு இல்லை போலும்.)

இன்னொன்று. அந்த மூன்று பலாவும் லயத்துக்கு மேலேயுள்ள சரிவில் நிற்கின்றன. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாங்கள் மறக்கவில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கைக் கடிதம் இருந்தது, ஆட்கள் அங்கேயே இருந்தார்கள். சரிவில் மண்ணைப் பிடித்து நிற்கும் மரங்களை வெட்டுமுன், அந்தச் சரிவைக் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அதிகாரி வந்து பார்க்கட்டும்.

லயத்தைச் சுற்றி நிற்கும் எந்தப் பலாவுக்கும் ஈரப்பலாவுக்கும் அனுமதி கேட்கப்படும்போது, அங்கே குடியிருப்பவர்களிடம் எழுத்தில் கேட்க வேண்டும். அறிவித்தல் பிரட்டுக்களத்தில் தமிழில் ஒட்டப்பட வேண்டும். ஆபத்தான மரத்தைப் பற்றிக் குடியிருப்பவரே பிரதேச செயலகத்துக்கு நேரே மனுக் கொடுக்க வழி வேண்டும். உறுதி இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது.

ஐந்தாம் நம்பர் லயத்தில் 41 பேர் கையெழுத்திட்ட மனுவைத் தோட்டத் தலைவியும் நாங்களும் பிரதேச செயலகத்தில் கொடுத்துவிட்டோம். வாங்கியதற்கான முத்திரை எங்களிடம் இருக்கிறது. மரங்கள் இன்னும் நிற்கின்றன. உங்கள் டிவிசனிலும் கோடு விழுந்திருந்தால், எந்த மரம், எந்த லயம், எந்தத் தேதி என்று எழுதி அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.