ஏழரை ஜிபி

மெமரி கார்டு வாங்கும்போது நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி: "எத்தனை ஜிபி?" இரண்டாவது: "கடைசியா என்ன விலை?" நடுவில் கேட்க வேண்டிய ஒன்று உண்டு. "மேலே எழுதியிருக்கிற அத்தனை ஜிபியும் உள்ளே இருக்குதா?" கேட்டால் கடைக்காரர் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். அரிசி மூட்டை என்றால் எடை போட்டுப் பார்க்கலாம். சுண்டுவிரல் நகமளவு பிளாஸ்டிக்கை எந்தத் தராசில் வைப்பது?

தராசு இருக்கிறது ஸார். காசு கூடக் கேட்பதில்லை. அதற்கு முன்னால் நம் அண்ணன் கதை.

அண்ணன் என்றால் கூடப்பிறந்தவர் இல்லை. தெரிந்தவர், ஒரு தனியார் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறார். (பெயர் வேண்டாம். அவர் மனைவி இந்தப் பத்திரிகையை ஒரு வரி விடாமல் படிப்பவர்.) அப்பாவின் சதாபிஷேகத்துக்கு வீடியோ எடுப்பதற்காக போனில் போட 256 ஜிபி கார்டு ஒன்று வாங்கினார். விலை 399 ரூபாய். பெயர் தெரிந்த கம்பெனிக் கார்டு அதைப் போலப் பல மடங்கு. "பேருக்குத்தான் காசு வாங்குறான், உள்ளே எல்லாம் ஒண்ணுதான்" என்று கடையில் சொன்னார்களாம். உள்ளே இருப்பது ஒன்றாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

விசேஷம் நன்றாக நடந்தது. சாயங்காலம் கூட்டம் கலைந்தபின், பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து, யாரும் கேட்காமலே, தான் கோயம்புத்தூருக்கு மில் வேலைக்கு வந்த கதையைச் சொல்ல ஆரம்பித்திருக்கிறார். எண்பது வருஷத்தில் வீட்டில் யாரிடமும் சொல்லாத கதை. அண்ணன் போனை ஆடாமல் பிடித்துக்கொண்டு இருபது நிமிஷம் எடுத்தார். இரண்டரை ஜிபி. தை மாதம் பெரியவர் காலமாகிவிட்டார். பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்து, சொந்தபந்தம் எல்லாம் சுற்றி உட்கார்ந்து அந்த வீடியோவைப் போட்டால்... கறுப்பு. 'இந்த ஃபைலைத் திறக்க முடியவில்லை.'

ஃபைல் பெயர் இருக்கிறது. தேதி இருக்கிறது. இரண்டரை ஜிபி என்ற கணக்கும் சரியாக இருக்கிறது. படம் மட்டும் இல்லை.

"தம்பி, மத்ததெல்லாம் போனாப் போகட்டும். இது ஒண்ணை மட்டும் எடுத்துக் குடு" என்று கார்டை ஒரு விபூதிப் பொட்டலம் மாதிரி மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

நல்ல காலம், அவர் அதற்குள் எதையும் நோண்டவில்லை. பாதிப் பேர் இந்தக் கட்டத்தில் காரியத்தைக் கெடுத்துவிடுவார்கள். கார்டைச் செருகியதும் கம்ப்யூட்டர் மிகப் பணிவாக 'ஃபார்மேட் செய்யட்டுமா?' என்று கேட்கும். மாட்டேன் என்று சொல்லவேண்டும். புதிதாக ஒரு போட்டோ கூட எடுக்கக் கூடாது. கார்டை அடாப்டரில் போட்டு, அதன் பக்கவாட்டில் இருக்கும் குட்டித் தாழ்ப்பாளை 'லாக்' பக்கம் தள்ளிவிடுவது உத்தமம். பெரும்பாலான ரீடர்கள் அதை மதித்து எழுதாமல் இருக்கும்.

அடுத்து, பழியைக் கார்டின் மேல் போடுவதற்கு முன் ரீடரை மாற்றிப் பார்க்க வேண்டும். ஐம்பது ரூபாய் ரீடர் செய்கிற அட்டூழியத்துக்கு எத்தனையோ நல்ல கார்டுகள் குப்பைத்தொட்டிக்குப் போயிருக்கின்றன. இரண்டு ரீடர், இரண்டு கம்ப்யூட்டர் மாற்றினேன். அதே கறுப்பு. (உங்கள் ஆண்ட்ராய்டு போனில் கார்டை 'இன்டர்னல் ஸ்டோரேஜ்' ஆக மாற்றியிருந்தால் இந்தச் சோதனை செல்லாது. அப்போது அதில் இருப்பதை அந்த போன் மட்டும்தான் படிக்கும். வேறு எதில் செருகினாலும் பேந்தப் பேந்த விழிக்கும்.)

பிறகு ஃபோட்டோரெக். இலவச மென்பொருள். கார்டில் இருக்கும் பட்டியலை நம்பாமல், ஒவ்வொரு இடமாகத் தடவிப் பார்த்து, 'இது போட்டோ மாதிரி இருக்கிறது, இது வீடியோ மாதிரி இருக்கிறது' என்று பொறுக்கி எடுக்கும். எடுத்ததை வேறு டிஸ்க்கில் போடச் சொல்லவேண்டும். அதே கார்டில் போடச் சொல்வது எரிகிற வீட்டிலிருந்து சாமான்களை எடுத்து அதே வீட்டுச் சமையலறையில் வைப்பது போல. ராத்திரி முழுக்க ஓடியது. காலையில் பார்த்தால் கணபதி ஹோமம் வந்திருந்தது. முன்னூறு 'குட் மார்னிங்' ரோஜாப்பூ வந்திருந்தது. மச்சினன் மகளின் டான்ஸ் வந்திருந்தது. திண்ணை வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதுதான் விஷயம்.

மெமரி கார்டுக்குள் இரண்டு பேர் குடியிருக்கிறார்கள். ஒன்று கிடங்கு: ஃபிளாஷ் சிப். இன்னொன்று குமாஸ்தா: கன்ட்ரோலர் என்கிற பொடிக் கம்ப்யூட்டர். ஃபிளாஷ் சிப்புகளில் அங்கங்கே சொத்தை இருப்பது சகஜம். சொத்தையை ஒதுக்கி நல்ல இடத்தில் எழுதுவதற்குத்தான் குமாஸ்தா. 2013 டிசம்பரில் ஹாம்பர்க்கில் நடந்த ஒரு ஹேக்கர் மாநாட்டில் 'பன்னி' ஹுவாங் என்பவரும் அவர் கூட்டாளியும் இந்தக் குமாஸ்தாவையே வசப்படுத்தி, தாங்கள் எழுதிய புரோகிராமை அதில் ஓட்டிக் காட்டினார்கள். அதாவது, குமாஸ்தா சொன்னபடி கேட்பவர். போனோ கேமராவோ கிடங்குக்குள் எட்டிப் பார்ப்பதே இல்லை. "எவ்வளவு இடம் இருக்கு?" என்று குமாஸ்தாவைத்தான் கேட்கும். 8 ஜிபி சிப்பை வைத்துவிட்டு, "யார் கேட்டாலும் 256 என்று சொல்" என்று குமாஸ்தாவுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டால் முடிந்தது வியாபாரம்.

முதல் எட்டு ஜிபி வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். வாங்கின புதிதில் நாலு பாட்டு ஏற்றி, "சூப்பர் கார்டுப்பா" என்று ஆபீஸில் நாலு பேருக்குச் சிபாரிசு செய்வோம். எட்டு தாண்டியதும் சில கார்டுகள் சுற்றி வந்து பழையதன் மேலேயே எழுதும். சில, வருவதை வாங்கிக்கொண்ட மாதிரி தலையாட்டிவிட்டுக் கீழே போட்டுவிடும். ஆனால் ஃபைல் பெயர்களும் அளவும் இருக்கிற பேரேடு கார்டின் முன்பக்கத்தில், நிஜமான இடத்தில் இருப்பதால், பட்டியல் மட்டும் ஜோராக இருக்கும்.

பி.காம். படித்தவனுக்கு இது பழகிய மோசடி. பாஸ்புக்கில் வரவு இருக்கிறது. பெட்டியில் பணம் இல்லை. ஊர்ச் சீட்டுக் கம்பெனிகள் செய்ததுதான். பெட்டியை உடைத்தால் மட்டும் பணம் வந்துவிடுமா?

அண்ணனிடம் இதைச் சொல்வதற்கு எனக்கு இரண்டு நாளாயிற்று. "வைரஸா தம்பி? பெங்களூர்ல ஏதோ லேப் இருக்காமே, ரொம்ப செலவாகுமோ?" என்று கேட்டார். லேபில் கொடுத்தாலும் வராது. அழிந்துபோயிருந்தால் தேடலாம். அந்த இருபது நிமிஷத்தை அந்தக் கார்டு வாங்கி வைக்கவே இல்லை. "அண்ணே, வேற யாராவது எடுத்தாங்களா, விசாரிங்க" என்றேன்.

இனி, தராசு. ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்று வாயில் நுழையாத பெயர். ஜெர்மன் கம்ப்யூட்டர் பத்திரிகைக்காரர்கள் எழுதிய விண்டோஸ் மென்பொருள், இலவசம். லினக்ஸ், மேக் ஆசாமிகளுக்கு எஃப்-3. இரண்டும் செய்வது ஒரே வேலை: காலிக் கார்டைக் கழுத்து வரை நிரப்பும், பிறகு எழுதியதை ஒன்று விடாமல் படித்துச் சரிபார்க்கும். குமாஸ்தா வாக்குமூலத்தை நம்பாமல் கிடங்கையே ஸ்டாக் எடுப்பது. கார்டில் எதுவும் இருக்கக் கூடாது என்பதால், புதிதாக வாங்கிய அன்றே செய்துவிடுவது நல்லது. செகண்டுக்கு 10 எம்பி எழுதும் கார்டு என்றால் 256 ஜிபி நிரம்ப ஏழு மணி நேரம் பிடிக்கும். சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போகலாம்.

மீட்டது எல்லாவற்றையும் பத்திரப்படுத்திவிட்டு, கார்டைக் காலி செய்து, அண்ணன் முன்னாலேயே ஓட்டினேன். மறுநாள் ரிசல்ட்: 7.4 ஜிபி நலம், 231 ஜிபி காணவில்லை.

"ஏழரை" என்றார் அண்ணன். நடுவில் ஒரு வருஷமாக அவர் ஜாதகமும் அதைத்தான் சொல்கிறதாம்.

மொத்தம் 256 வரவில்லையே என்று கூட்டிப் பார்க்காதீர்கள். நூறு கோடி பைட்டை ஒரு ஜிபி என்கிறது கார்டுக் கம்பெனி. விண்டோஸ் கணக்கில் ஒரு ஜிபி அதைவிடப் பெரியது. அதனால் உத்தமமான 256 கூட 238 என்றுதான் தெரியும், 64 என்பது 59.6. அதற்காகக் கடைக்காரர் சட்டையைப் பிடிக்க வேண்டாம். இன்னொன்று: எடுத்த உடனே வீடியோ ஓடுகிறதே என்று ஏமாறாதீர்கள். அப்போது எழுதியது போனின் தற்காலிக நினைவில் இருந்துகூட ஓடும். ஆஃப் செய்து, கார்டைக் கழற்றி மாட்டி, கடைசி நிமிஷம் வரை ஓடுகிறதா என்று பாருங்கள். கல்யாணம், காதுகுத்து என்றால் அன்றைக்கே இன்னொரு இடத்திலும் ஒரு காப்பி. அசல் கார்டும் ஒருநாள் மண்டையைப் போடும்.

அண்ணன் விசாரித்ததில், தஞ்சாவூர் சித்தி மகன் அன்றைக்குத் திண்ணையில் மூன்று நிமிஷம் எடுத்து வாட்ஸ்அப்பில் யாருக்கோ அனுப்பியிருந்தது கிடைத்தது. மங்கல். பெரியவர், "பீளமேட்ல பஸ்ஸை விட்டு இறங்கினப்போ கையில..." என்று ஆரம்பிக்கும்போது காபி டம்ளரோடு யாரோ குறுக்கே வந்து நிற்கிறார்கள். கையில் என்ன இருந்தது என்று தெரியவில்லை. அண்ணன் அதை மூன்று இடத்தில் காப்பி எடுத்து வைத்திருக்கிறார்.

399 ரூபாய்க் கார்டையும் ரிசல்ட்டையும் கொண்டுபோய்க் காட்டியதற்கு, கடைக்காரர் மறுபேச்சுப் பேசாமல் வேறு கார்டு கொடுத்துவிட்டார். அதுவும் 256 ஜிபிதான், அதே கம்பெனி. நேற்று ராத்திரி எட்டு மணிக்கு நிரப்ப ஆரம்பித்தது, இதை எழுதும்போது சரிபார்த்துக்கொண்டிருக்கிறது. இதுவரை 15 ஜிபி நலம்.