அரோரா: கலர் மட்டுமல்ல, கரண்ட்டும் தான்!

துருவப் பகுதி வானத்தில் தெரியும் அரோரா பற்றிய விளக்கம் பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. சூரியனிலிருந்து கிளம்பிய துகள்களால் காற்று பச்சையாகவும் சிவப்பாகவும் ஒளிர்கிறது, அவ்வளவுதான். தவறில்லை, ஆனால் இது பாதிக் கதை. எந்த வாயு, எவ்வளவு உயரம் என்பதைத்தான் நிறம் சொல்லும். மீதிக் கதை மின்னோட்டத்தில் இருக்கிறது.

திரைச்சீலை போல மடிந்து தொங்கும் அரோராவில் எலக்ட்ரான்கள் முடுக்கப்பட்டு, காந்தப்புலக் கோடுகள் வழியே கீழே பாய்கின்றன. எலக்ட்ரானுக்கு எதிர்மின்சுமை என்பதால் கரண்ட் மேல்நோக்கிப் போவதாகக் கணக்கு. பக்கத்திலேயே எலக்ட்ரான்கள் மேலே கிளம்பும் இடங்களும் உண்டு. அங்கே ஒளியில்லாத கறுப்புப் பட்டைகள் தெரியலாம். 'கறுப்பு அரோரா' என்றே அதற்குப் பெயர்! மங்கலாகப் பரவிக் கிடக்கும் அரோரா வேறு ரகம். அலைகளால் சிதறடிக்கப்பட்ட எலக்ட்ரான்கள் விழுவதால் வருவது, கரண்ட்டும் குறைவு. மேலே போவதையும் கீழே வருவதையும் இணைத்து சுமார் 100 கி.மீ. உயரத்தில் கிடையாக ஓடும் மின்னோட்டம், புயல் நேரத்தில் பத்து லட்சம் ஆம்பியரைத் தொடும்.

நார்வே விஞ்ஞானி கிறிஸ்டியன் பிர்க்லாண்ட் 1902-03ல் ஆர்க்டிக்கில் நான்கு நிலையங்கள் அமைத்து காந்தப்புல மாற்றங்களை அளந்தார். கரண்ட் விண்வெளியிலிருந்து இறங்கி, மீண்டும் அங்கேயே திரும்புகிறது என்று 1908ல் எழுதினார். சிட்னி சாப்மன் போன்ற பெரிய தலைகள் ஏற்கவில்லை. எல்லாம் காற்று மண்டலத்துக்குள்ளேயே சுற்றுகிறது என்றார்கள். தரையிலிருந்து அளந்தால் மட்டும் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. 1960களில் செயற்கைக்கோள் மேலே போய் அளந்த பிறகுதான் பிர்க்லாண்ட் சொன்னது சரி என்று தெரியவந்தது. அவர் இறந்தது 1917ல்!

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைப்பவர்கள் கனடாவின் கியூபெக் மாகாணத்தைப் பார்க்கலாம். 1989 மார்ச் 13 அன்று, மேலே ஓடிய கரண்ட் மாறிய வேகத்தில் கீழே மின்கம்பிகளிலும் கரண்ட் தூண்டப்பட்டது. சுமார் 90 விநாடிகளில் மாகாணத்தின் மின்கட்டமைப்பே விழுந்தது. அறுபது லட்சம் பேருக்கு ஒன்பது மணி நேரம் இருட்டு. நிறத்தை மட்டும் படித்தவருக்கு இந்த இருட்டின் காரணம் புரியாது.

எனவே பாடப்புத்தகத்தில் அரோராவின் அழகான போட்டோவைப் போடட்டும், தப்பில்லை. பக்கத்திலேயே அந்த சர்க்யூட்டையும் வரைந்து காட்ட வேண்டும். அழகு அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.