குளிர்காலத்தில்தான் ரேடான் கூடுமா?

வீட்டுக்குள் ரேடான் குளிர்காலத்தில் கூடும், கோடையில் குறையும் என்பார்கள். குளிர்நாடுகளில் பெரும்பாலான வீடுகளுக்கு அது சரிதான். பின்லாந்தின் தாம்பெரே நகரில், இரண்டு ஏரிகளுக்கு நடுவே உயர்ந்து நிற்கும் பிஸ்பலா மேட்டில் மட்டும் அந்தக் கணக்கு பாதிதான் பலிக்கிறது. காரணம் புரிய, மண்ணிலிருந்து தொடங்க வேண்டும்.

மண்ணில் இருக்கும் யுரேனியம் படிப்படியாகச் சிதைந்து ரேடியமாகிறது. ரேடியத்திலிருந்து ரேடான் பிறக்கிறது. நிறமில்லை, மணமில்லை. நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைபிடித்தலுக்கு அடுத்த முக்கியக் காரணம் இந்த வாயு. அரை ஆயுள் 3.8 நாள். அதற்குள் வழி கிடைத்தால் மேலே வரும். கிடைக்காவிட்டால் பெரும்பகுதி மண்ணுக்குள்ளேயே சிதைந்துபோகும். ரேடியம் சிதையும் வேகத்தை மழையாலும் வெயிலாலும் அசைக்க முடியாது. அவற்றின் கைவரிசையெல்லாம் வாயு வெளியேறும் வழியில்தான்.

இதில் ஈரம் இரண்டு பக்கமும் பேசும். மண்துகளிலிருந்து தெறிக்கும் ரேடான் அணு எதிர்த்துகளில் போய்ப் புதைந்துவிடலாம். இடையில் மெல்லிய நீர்ப்படலம் இருந்தால் அங்கேயே நின்றுவிடும். அதனால் லேசான ஈரம் மண்காற்றில் ரேடானைக் கூட்டுகிறது. அடைமழையிலோ மண்ணின் துளைகள் அடைபட்டு, வாயு அடியில் தேங்குகிறது. பனியில் இறுகிய மேல்மண்ணும் அப்படித்தான் மூடி போடும். அப்போது தரைமட்டத்தில் வைத்த கருவி குறைவென்றும், ஒரு மீட்டர் ஆழத்தில் வைத்தது கூடுதலென்றும் சொல்லும். இரண்டும் மெய். காற்றழுத்தம் சரிந்தால் மண்காற்று மேலேறும்; கூடினால் வெளிக்காற்று மண்ணுக்குள் இறங்கும்.

குளிர்கால வீடு தன் பங்குக்கு ஒன்று செய்கிறது. உள்ளே சூடேறிய காற்று மேல்வழியாக வெளியேற, அந்த இடத்தை நிரப்பத் தரை விரிசல்கள் வழியே மண்காற்று இழுபடுகிறது.

இனி பிஸ்பலா. பனியாறு விட்டுச்சென்ற சரளையும் மணலும் குவிந்த மேடு அது. காற்று உள்ளே தாராளமாக உலவும். குளிர்காலத்தில் மேட்டுக்குள் இருக்கும் காற்று வெளிக்காற்றைவிட வெதுவெதுப்பாக இருப்பதால் மேலேறி, உச்சியில் உள்ள வீடுகளுக்குள் ரேடானைக் கொண்டு சேர்க்கிறது. கோடையில் அதே காற்று வெளியைவிடக் குளிர்ந்து கனத்து, சரிவின் அடியில் கசிகிறது. ஒரே மேடுதான், ஆனால் மேல்வீட்டுக்கு ஜனவரியும் கீழ்வீட்டுக்கு ஜூலையும் மோசமான மாதங்கள்.

பின்லாந்தில் அளவீட்டுக் காலம் செப்டம்பர் முதல் மே வரை, குறைந்தது இரண்டு மாதம். பழைய வீடுகளுக்கு அங்கே வைத்திருக்கும் வரம்பு கன மீட்டருக்கு 300 பெக்கரல். உலக சுகாதார நிறுவனம் முடிந்தால் 100 என்கிறது. அளக்கும் கருவி எளியது: உள்ளங்கையில் அடங்கும் கறுப்பு டப்பாவுக்குள் ஒரு படலம். ஆல்ஃபா துகள்கள் அதில் விட்ட தடங்களை ஆய்வகத்தில் எண்ணுவார்கள். பொதுவான வீடுகளுக்கு இந்த ஏற்பாடு போதும். சரளை மேட்டின் அடிவாரத்தில் குடியிருப்பவர் மட்டும் கோடையிலும் ஒருமுறை டப்பாவை வைத்துப் பார்த்துவிட வேண்டும் என்பேன்.