புள்ளியா, தூசியா?

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

"தூசிதானே, ஊதிவிட்டால் போகிறது!" என்பது நம் வழக்கம். ஊதுமுன் அது தூசிதானா என்று பார்க்கிறோமா? இதுவே என் கேள்வி.

எங்கள் ஊர் குருபரப்பள்ளி. நெடுஞ்சாலையில் லாரிகள் ஓயாத ஊர், தூசிக்குப் பஞ்சமில்லை. சென்ற ஆண்டு பழைய ஸ்டூடியோக்காரர் ஒருவர், நான்குக்கு ஐந்து அங்குலத் தாள் பிலிமில் என் பாட்டியை இருமுறை படமெடுத்தார். கைநாட்டு வைத்த அந்தப் பாட்டிதான் கூலி வேலை செய்து என்னைக் கல்லூரி வரை கொண்டுவந்தவர். இவ்வாண்டு தையில் மறைந்தார். மாலையிட ஒரு படம் வேண்டிக் கணினிக் கடையில் நெகட்டிவைக் கொடுத்தோம். தூசியை அழித்தவர்கள், மோவாயில் பச்சை குத்தியிருந்த மூன்று புள்ளிகளையும் அழித்துவிட்டார்கள். "இது எங்கம்மா மூஞ்சியா?" என்று அழுதார் என் தாய்.

நெகட்டிவின்மேல் பிற்பாடு படியும் தூசி அச்சில் வெள்ளைப் புள்ளியாகும்; மென்தூரிகையால் நீக்கலாம். படமெடுக்குமுன்பே பிலிமில் ஒட்டிய தூசியோ ஒளியை மறைத்து, அச்சில் நிலையான கரும்புள்ளியாகிவிடும். பச்சையும் மச்சமும் கருமையாகத்தானே விழுகின்றன! காதோரம் இருந்த ஒரு புள்ளியை அம்மா மச்சம் என்றார். நான் தூசி என்றேன்.

கொடைக்கானல் சூரிய ஆய்வகம் இதற்கு வழிகாட்டுகிறது. 1904 முதல் அங்கே கண்ணாடித் தட்டுகளிலும், பின்னர் பிலிமிலும் சூரியனைப் படமெடுத்து வந்துள்ளனர். தட்டில் தெரிவது சூரியப் புள்ளியா, தூசியா? மறுநாள் தட்டோடு ஒப்பிட வேண்டும். பூமியிலிருந்து காண, சூரியன் ஏறத்தாழ 27 நாளில் ஒருமுறை சுழல்கிறது. ஆகவே உண்மைப் புள்ளி கணக்குப்படி நகர்ந்திருக்கும். தூசி அவ்வாறு நகராது. அழகு கருதி அவற்றையெல்லாம் துடைத்திருந்தால், நூறாண்டுச் சூரிய வரலாறு என்னவாகியிருக்கும்?

நானும் இரண்டாம் நெகட்டிவைப் பார்த்தேன். பாட்டி முகத்தைச் சற்றே திருப்பியிருந்தார். காதோரப் புள்ளியும் கூடவே திரும்பியிருந்தது. அம்மா சொன்னதே சரி, அது மச்சம்தான்!

நண்பர்களே, தூசியை முதலிலேயே தடுப்போம். பிலிம் மாற்றும் அறையை ஈரத்துணியால் துடைப்போம். பிலிம் உறையைத் தூரிகையால் துப்புரவாக்குவோம். அதையும் மீறி விழுந்ததை ஒப்பிட்டபின் அழிப்போம். மூல நெகட்டிவை ஒருபோதும் எறியாதிருப்போம். ஆய்வுக்கூடத்தில், கோட்டில் பொருந்தாத புள்ளியை ரப்பரால் அழிக்கிறோமே, அப்போதும் இக்கேள்வியைக் கேட்போம்.

எங்கள் வீட்டுச் சுவரில் இப்போது இருப்பது மறுபடி அச்சிட்ட படம். அதில் இரண்டொரு தூசி உண்டு. ஆனால் அது என் பாட்டியின் முகம்.