'பிஃபோர்' செய்த வேலை

சில வருடங்களுக்கு முன், நமது துறைமுகத்தில் வேலை எடுத்திருந்த ஒரு ஒப்பந்தக்காரருக்குக் கயிறும் பெயின்ற்றும் கொடுக்க ஒப்புக்கொண்டேன். விலைக் கடிதத்தை நானே ஆங்கிலத்தில் எழுதினேன். 15ஆம் திகதிக்கு முன் தருவேன் என்பதற்கு 'பிஃபோர் 15' என்று போட்டேன். 15ஆம் திகதி காலை சாமான் போய் இறங்கியது. "தவணை நேற்றோடு முடிஞ்சுபோச்சு நானா" என்றார் கணக்கர். பில்லில் தாமதக் கழிவு விழுந்தது. அவர்களில் குற்றமில்லை. கடிதம் என்னுடையது.

பேச்சில் '15க்கு முன்' என்றால் நாம் பெரும்பாலும் 15ஐயும் சேர்த்தே சொல்கிறோம். ஆங்கிலத்தில் 'பிஃபோர்' அந்த நாளை வெளியே தள்ளிவிடும். 'பை 15' என்றால் வழக்கத்தில் 15உம் சேரும். 'டில்' என்பது ஒரு வேலை அந்த நாள்வரை தொடர்ந்து நடப்பதற்கு. கொடுத்து முடிப்பதற்கு அதைப் போடக்கூடாது. சந்தேகமே வேண்டாமென்றால் 'ஒன் ஓர் பிஃபோர்' என்று எழுதுங்கள்.

எல்.சி. திறந்து இறக்குமதி செய்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். சர்வதேச வர்த்தக சபையின் யூ.சீ.பீ. 600 விதிகள் 2007 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளன. அதன் 3ஆவது விதிப்படி, கப்பலேற்றும் காலத்தைச் சொல்லும்போது 'ஃப்ரொம்' என்றால் குறித்த நாளும் சேரும். 'ஆஃப்டர்' என்றால் சேராது. ஆனால் பணம் செலுத்தும் தவணையைக் கணக்கிடும்போது இரண்டிலுமே அந்த நாள் சேராது. மார்ச் 1 'ஃப்ரொம்' 30 நாள் என்றால் மார்ச் 31. 30ஆவது விதிப்படி 'அபவுட் 1000 மூடை' என்றால் 900 முதல் 1100 வரை அனுப்பலாம். சரியாக 1000 வேண்டியவர் அந்தச் சொல்லைப் போடலாமா?

நம்மவர்கள் 'பிரின்சிபல்', 'ஸ்டேஷனரி' போன்ற சொற்களின் எழுத்துப் பிழைக்குத்தான் அஞ்சுகிறார்கள். அதற்குச் சிரிப்பார்கள், அவ்வளவுதான். கையிலுள்ள காசைக் கொண்டுபோவது, நமக்குத் தெரியும் என்று நினைக்கும் இந்தச் சின்னச் சொற்களே.

தவணை குறித்த கடனை எழுதிக்கொள்ளும்படி அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. இரண்டு தரப்பும் ஒரே நாளை விளங்கிக்கொள்ளாவிட்டால் எழுதியதன் பயன் என்ன? இருவருக்கும் தமிழ் தெரிந்தால் தமிழிலேயே எழுதுங்கள், அதில் வெட்கமில்லை. ஆங்கிலம்தான் வேண்டுமென்றால், கையெழுத்துப் போடுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "கடைசி நாளும் சேருமா?"