வால்வை மாற்றுமுன் வழுவைக் காண்க

பழைய வானொலிப் பெட்டிகளும் இசைத்தட்டுப் பெட்டிகளும் மீண்டும் மதிப்புப் பெற்று வருகின்றன. பரணிற் கிடந்தவை வரவேற்பறைக்கு இறங்குகின்றன. இஃது எமக்கு மகிழ்ச்சியே. ஆயின், அவற்றைப் பழுதுபார்க்கும் முறையிலே புகுந்துள்ள ஒரு வழக்கம் எமக்கு உடன்பாடன்று. உள்ளிருக்கும் வால்வு விரியலாக்கியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, உள்ளங்கையளவான சில்லுப் பலகையொன்றைச் செருகித் "திருத்தியாயிற்று" என்கின்றனர். பாட்டு வருகின்றது, பெட்டி போய்விட்டது.

காசிட்டாற் பாடும் யூக்பொக்ஸ், எங்கள் றொசல்லப் பக்கத்தாருக்குப் பெரும்பாலும் திரைப்படத்திற் கண்ட பொருளே. அமெரிக்காவில் 1946இல் வெளிவந்த வேர்லிற்சர் 1015 என்னும் வகையில் மாத்திரம் 56,000க்கு மேற்பட்ட பெட்டிகள் செய்யப்பட்டன. அப்பெட்டிகளில் இசையைப் பெருக்கிய வால்வுச் சுற்றும், நம் தோட்டங்களிலே திருவிழா ஒலிபெருக்கியிலும் வானொலிப் பெட்டியிலும் இருந்த சுற்றும் ஒரே குலத்தவை. 1949இல் 'றேடியோ சிலோன்' எனப் பெயர்பெற்று, 1967இற் கூட்டுத்தாபனமான நம் வானொலியை எம் முன்னோர் முதலிற் கேட்டது இத்தகைய வால்வுகளின் வாயிலாகவே. ஆதலின் இங்கு கூறுவது எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

பெட்டி கரகரத்தால் "வால்வு போய்விட்டது" என்பது கடைத்தெருத் தீர்ப்பு. பல வேளைகளில் வால்வு நிரபராதி. வால்வினுள்ளே சூடேறிய கதோட்டிலிருந்து இலத்திரன்கள் அனோட்டை நோக்கிப் பாய்கின்றன. இடையிலுள்ள நெய்யரி, வாய்க்கால் மடைபோல அப்பாய்ச்சலைக் கூட்டியும் குறைத்தும் விடுகின்றது. முந்திய வால்வின் அனோட்டிலுள்ள உயர் அழுத்தம் அடுத்த வால்வின் நெய்யரிக்குப் போகாமல் மறித்து, பாட்டை மாத்திரம் கடத்துவது ஒரு சிறு கொள்ளளவி. கடைக்காரர் அதனைக் கண்டென்சர் என்பர். அக்காலத்தில் அது மெழுகூட்டிய கடதாசியாற் செய்யப்பட்டது. எமது அயலிலுள்ள வட்டவளையில் ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரைத் தாண்டுவது வழக்கம். அந்த ஈரத்தில் எந்தக் கடதாசிதான் நிலைக்கும்? மின் மெல்லக் கசியும். மடை திறந்தபடியே நிற்கும். வெளியீட்டு வால்வின் அனோட்டுத் தகடு செந்தணலாகும். இறுதியில் வெளியீட்டு நிலைமாற்றியும் கருகும். காரணத்தை விட்டுவிட்டுப் புதிய வால்வைப் பொருத்தினால், அதற்கும் அதே கதிதான். பணம் இரு முறை போனபின், "பழைய பொருள் உதவாது, பலகை போடுங்கள்" என்ற அறிவுரை கிடைக்கின்றது. கொள்ளளவியின் விலையோ மிக அற்பம்.

மறுகோடியில் நிற்போரும் உளர். ஆதியில் இருந்த எதனையும் தொடலாகாது என்பது அவர்கள் கொள்கை. அழியும் இயல்புடைய கடதாசிக்கும் வடிகட்டிக் கொள்ளளவிகளுக்கும் இத்துணை பக்தி வேண்டியதில்லை. கண்ணுக்கு அழகு கருதுவோர் பழைய மெழுகுக் கூட்டைக் குடைந்து, புதியதை உள்ளே ஒளித்துவைக்கலாம். நிலைமாற்றி, அடிச்சட்டம், வால்வு ஆகியவற்றைப் பேணுக, கசிவதை மாற்றுக. 1936இல் வெளிவந்த 6எல்6 வால்வின் வழிவந்தவை இன்றும் செய்யப்படுகின்றன என்பதை மறவாதிருத்தல் நன்று.

பிறநாட்டு யூக்பொக்ஸை ஆசையோடு தருவிப்போர்க்கு ஒரு வார்த்தை. அமெரிக்கப் பெட்டி ஏறத்தாழ 117 உவோற்றுக்கும், செக்கனுக்கு 60 சுற்றுக்கும் அமைந்தது. நம் நாட்டில் 230 உவோற்று, 50 சுற்று. அழுத்தத்தைக் குறைக்க நிலைமாற்றி உண்டு. மீடிறனை அது மாற்றாது. எனவே நிமிடத்துக்கு 45 முறை சுழலவேண்டிய தட்டு 37½ முறையே சுழலும். பாடகி பாடகராவார்! விரியலாக்கியைத் திட்டிப் பயனில்லை. மோட்டரின் கப்பியையோ பற்சில்லையோ மாற்றல் வேண்டும்.

அபாயத்தையும் சொல்லாமல் விடலாகாது. இச்சுற்றுக்களில் 300 உவோற்றும் அதற்கு மேலும் உண்டு. செருகியைக் கழற்றிய பின்னரும் வடிகட்டிக் கொள்ளளவி அதனைத் தேக்கி வைத்திருக்கும். தடையொன்றின் வழியாக அதனை வடித்து, மானியால் அளந்த பின்னரே கைவைத்தல் தகும். நெடுங்காலம் உறங்கிய பெட்டியை நேரே மின்னில் மாட்டாது, 60 உவாற்று இழைக்குமிழொன்றைத் தொடராக இணைத்து எழுப்புக. குமிழ் முழு ஒளியோடு நின்றால் உள்ளே குறுஞ்சுற்று உண்டென்க. ஒலிபெருக்கியை இணைக்காமல் இயக்குவதும் வெளியீட்டு நிலைமாற்றிக்குக் கேடு.

இவையெல்லாம் நம் பௌதிக பாடத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டவை அல்ல. ஓமின் விதியைக் கரும்பலகையிற் கற்ற மாணவன், கசியும் கொள்ளளவியை மானியிற் கண்டு பிடிக்கும்போதே அவ்விதி அவனுக்குச் சொந்தமாகின்றது. சில்லுப் பலகையில் விரல் வைத்துக் காட்ட எதுவுமில்லை. வால்வுச் சுற்றிலோ ஒவ்வோர் உறுப்பும் கண்ணுக்குத் தெரியும். ஆகவே, ஊமையாய்க் கிடக்கும் பெட்டியொன்றையேனும் பழைய மாணவர் எவரேனும் எமது கல்லூரி ஆய்கூடத்துக்கு அளித்தல் வேண்டும் என்பது எமது வேண்டுகோள். ஆசிரியர் மேற்பார்வையில் உயர்வகுப்பு மாணவர் சுற்றுப்படத்தைத் தாமே வரைந்து, பழுதைத் தேடட்டும். மாற்றிய உறுப்பின் பெறுமானத்தையும் திகதியையும் பின்பலகையின் உட்புறத்திற் பென்சிலால் எழுதி வைத்தால், அடுத்து அதனைத் திறப்பவருக்கு அரைநாள் வேலை மிஞ்சும்.